பிரவீன்குமார் நடந்து வருகிறான்

எழில்மதிக்குச் சிரிப்பு வருவது அபூர்வம். வந்தாலும் உதட்டின் ஒரு ஓரத்தோடு நின்றுவிடும். கொரோனா அடைப்புக் காலத்தில் தியாகதுருகத்தில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலை பார்த்ததில் பிடித்துக்கொண்ட வியாதி அது. கல்யாணத்துக்குக் கூட்டம் சேர்க்கக்கூடாது என்று போலீஸ் விரட்டிய நாட்களிலும் மாப்பிள்ளைகள் ஸ்லோமோஷனை விடவில்லை. கூலிங்கிளாஸைக் கழற்றுவார்கள். எதையோ தொலைத்தவன் மாதிரி திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு பெண்ணின் நெற்றியோடு நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆட்டுக்கிடாக்கள்கூட முட்டுவதற்கு ஒரு காரணம் வைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே அவள் வெட்டி ஒட்டுவாள்.

வடக்கனந்தல் காலனிதான் சொந்த இடம். அப்பா அம்மாசி கரும்பு வெட்டுகிறவர். பெரும்பாலும் ஊர்ப்பக்கம் கந்தசாமியின் கொல்லையில்தான் வேலை. அந்தக் கந்தசாமியின் மகன் பிரவீன்குமாரும் எழில்மதியும் கள்ளக்குறிச்சியில் ஒரே கல்லூரியில் விஸ்காம் கடைசி வருஷம். ஒரே பேருந்தில் ஏறி ஒரே நிறுத்தத்தில் இறங்குவார்கள். ஊருக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள். கல்லூரி வாசலைத் தாண்டினால் அவன் "எழிலு" என்பான். வேலை இருந்தால்.

அந்த வருஷம் ஊரெல்லாம் இடஒதுக்கீட்டுப் பேச்சாக இருந்தது. தனி ஒதுக்கீடு கேட்டு பிரவீன்குமாரின் ஆட்கள் அலுவலகம் அலுவலகமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எழில்மதி வீட்டில் இதைப் பற்றி முகம் சுளித்தபோது அம்மாசி சோற்றிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "கேக்கட்டும். நமக்கும் யாரோ கேட்டுதான வந்துச்சு."

ஜனவரியில் வகுப்புகள் நடக்கத் தொடங்கியதும் ஆசிரியர் பொன்னுரங்கம் ஒரு வேலை கொடுத்தார்.

"குரூப்பா சேந்து ஒரு மியூசிக் வீடியோ எடுத்துக்கினு வாங்க. எந்த ஜானர்னு முடிவு பண்ணுங்க. அந்த ஜானருக்குன்னு இருக்கற கன்வென்ஷன் எல்லாம் உள்ள இருக்கணும்."

"கன்வென்ஷன்னா இன்னா சார்?" என்றாள் தனுஷா. வகுப்பிலேயே நன்றாக ஆடுகிறவள் அவள்.

"மத்தவங்கல்லாம் இன்னா பண்றாங்களோ, அதான்."

மூன்று வருஷப் படிப்பை மனுஷன் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார் என்று எழில்மதிக்குத் தோன்றியது.

பிரவீன்குமார் அன்று மாலையே முடிவு செய்துவிட்டான். கிராமத்து மாஸ் பாட்டு. அவன்தான் ஹீரோ, ஏனென்றால் புல்லட் அவன் மாமாவுடையது. ஹீரோ வண்டியிலிருந்து இறங்க வேண்டும், பூமி அதிர வேண்டும். வேட்டியை மடித்துக் கட்ட வேண்டும். பின்னால் ஒரு கூட்டம் வர வேண்டும். அரிவாள் வேண்டும், ஆனால் வெட்டக்கூடாது. குடத்தோடு ஒரு பெண் திரும்பிப் பார்க்க வேண்டும். நடுவில் மலைவாசி நடனம். மேலே ட்ரோன். பனிக்காலத்தில் அப்பாவின் கரும்புக்கொல்லைக்குள் நாலு அடி வைத்தாலே உடம்பெல்லாம் தடித்துப்போகிற ஜாதி அவன். மண்ணைப் பற்றி அவன்தான் பாட்டு எழுதினான்.

*மண்ணும் எங்களுது மலையும் எங்களுது*
*மீச முறுக்குனா மேகம் எங்களுது*

"மேகம் எப்டி உன்னுதாவும்?" என்று கேட்டாள் எழில்மதி.

"ரைமிங் எழிலு. உனக்குப் புரியாது."

முறுக்குவதற்கு மீசையும் போதுமான அளவுக்கு இல்லை. தனுஷா கண்மையால் தீட்டி மீசையை ஊருக்குப் பொதுவான அளவுக்குக் கொண்டுவந்தாள். கேமராவும் எடிட்டிங்கும் எழில்மதி. அவளை விட்டால் அந்தக் குழுவில் வேலை தெரிந்தவர்கள் இல்லை. மதிப்பெண் அவளுக்கும் வேண்டும்.

முதலில் கல்வராயன் மலைக்குப் போனார்கள். வெள்ளிமலைக்கு இந்தப் பக்கம், சாலையோரம் மரவள்ளிக் கொல்லையில் நாலைந்து பெண்கள் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிரவீன்குமார் கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தான். பச்சை பிளாஸ்டிக் இலைப் பாவாடை, சாயம் போட்ட கோழி இறகு, புலிக்கோடு போட்ட துணி. கொல்லையிலிருந்த பெண்கள் நைட்டி போட்டு, மேலே துண்டு போட்டிருந்தார்கள். ஒருத்தி தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போனை இடுக்கிக்கொண்டு யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டே கிழங்கைப் பிடுங்கினாள்.

"இன்னாடா இது, டிரைபல் மாதிரியே இல்லயே" என்றான் பிரவீன்குமார். ஏமாற்றிவிட்டார்கள் என்ற குறை அவன் குரலில் இருந்தது.

இருந்தாலும் மூட்டையை அவிழ்த்துக்கொண்டு போய், வயதில் மூத்தவளாகத் தெரிந்தவளிடம் நீட்டினான். அவள் பெயர் குஞ்சம்மாள்.

"அக்கா, இதக் கட்டிக்கினு சும்மா ரெண்டு ஸ்டெப்பு ஆடுனா போதும். யூடியூப்ல வரும்."

குஞ்சம்மாள் இலைப் பாவாடையைக் கைக்கு எட்டிய தூரத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "இது எந்த ஊர்க்காரங்க கட்றது?"

"உங்க ஊருதான்கா. பழைய காலத்துல."

"பழைய காலத்துல உங்க ஊர்ல இன்னா கட்டுனாங்க?"

பிரவீன்குமார் மூட்டையைப் பார்த்தான்.

"அத நீ கட்டிக்கினு வந்து எதிர்ல நில்லு தம்பி. அப்பறம் நான் இதக் கட்றேன்."

கொல்லையே சிரித்தது. போன் பேசிக்கொண்டிருந்தவள் சண்டையை நிறுத்திவிட்டு, நடந்ததை எதிர்முனைக்குச் சொன்னாள். கடைசியில் தனுஷாவும் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரும்தான் இலையைக் கட்டிக்கொண்டு, தலையில் கோழி இறகைச் செருகி, ஊ ஊ என்று வாயில் தட்டிக்கொண்டு ஆடினார்கள். மலைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனில் அதைப் படம் எடுத்தார்கள்.

அடுத்தது கூட்டம். கூலிக்கு ஆள் பிடிக்க வழியில்லை. அப்போதுதான் பிரவீன்குமாருக்கு அந்த யோசனை வந்தது.

"புதன்கிழம எங்க ஆளுங்க மனு குடுக்க உக்கார்றாங்க. ஆயிரம் பேரு வருவாங்க. ஃப்ரீ."

புதன்கிழமை கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தின் முன்னால் வெயிலில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்க் எல்லோருடைய தாடையிலும் தொங்கியது. கையில் மனு. கரும்பு வெட்டை நிறுத்திவிட்டு வந்தவர்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லிவிட்டு வந்தவர்கள். இவர்களில் பாதிப் பேர் தன் தெருவுக்குள் கால் வைக்காதவர்கள் என்பது எழில்மதிக்குத் தெரியும். அவர்கள்மேல் அவளுக்குப் பாசம் ஒன்றும் பொங்கவில்லை. ஆனாலும் வெயிலில் மனுவால் தலையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஆட்களைப் பார்த்துவிட்டு, அவர்களுக்கு முன்னால் சிற்றுந்து ஒன்றின் கண்ணாடியில் மீசை தீட்டிக்கொண்டிருந்த பிரவீன்குமாரைப் பார்த்தபோது, இவனுக்காகவா இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

மைக்கில் கோஷம் வரும். கூட்டம் கையைத் தூக்கும். அந்த நேரம் பார்த்து பிரவீன்குமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேமராவை நோக்கி நடப்பான். திருப்தி வராது. மறுபடி போய் நிற்பான். அவனுக்காகவே கோஷம் போடுகிறார்கள் என்று அவனே நம்பிவிட்ட மாதிரி முகம் ஆகிவிட்டது.

மூன்றாவது வரிசையில் இருந்து கந்தசாமி எழுந்து வந்தார். அழுக்கேறிய சிவப்புத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மகன் போராட்டத்துக்கு வந்துவிட்டான் என்ற பூரிப்பில் இருந்தார் மனுஷன்.

"அம்மாசி பொண்ணுதான நீ? இன்னாமா, நம்ம போராட்டத்தப் படம் புடிக்கறீங்களா? டிவில வருமா?"

"இல்லீங்க. உங்க பையன் நடக்கறத எடுக்கறோம்."

"நடக்கறதயா?"

"ஆமாங்க."

அவர் மகனைப் பார்த்தார். மகன் அந்தக் கோடியிலிருந்து கத்தினான்: "அப்பா! போய் உக்காருப்பா. கேமராவப் பாக்காத!" கந்தசாமி போய் உட்கார்ந்தார். கேமராவைப் பார்க்கவில்லை. கோஷம் வந்தபோது மற்றவர்களைவிட உயரமாகக் கையைத் தூக்கினார்.

எடிட்டிங் அவள் வேலை பார்த்த தியாகதுருகம் ஸ்டுடியோவிலேயே நடந்தது. பிரவீன்குமார் பக்கத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு உத்தரவு போட்டான். அவன் கால் பட்ட இடத்தில் தரை பிளக்க வேண்டும். அவன் முதுகுக்குப் பின்னால் சிங்கம் கிளம்ப வேண்டும். ஆயிரம் பேர் போதாது, பத்தாயிரமாக்க வேண்டும். எழில்மதி எல்லாம் செய்தாள். கேவலம் என்னவென்றால், நன்றாக வந்தது. மேளத்தின் அடிக்கு அவன் காலை அவள் வெட்டிப் பொருத்தியதில், கரும்புக்கொல்லையில் இறங்கத் தெரியாதவன் மலையையே மிதித்து வருகிறவனாகிவிட்டான். தன் கையாலேயே இது நடந்தது என்பதில் அவளுக்கு அவன்மேல் இருந்ததைவிடத் தன்மேல்தான் அதிகம் கசந்தது.

பெரிய திரையில் ஓட்டிப் பார்த்தபோது பிரவீன்குமார் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நிறுத்து, நிறுத்து. அப்பா நடுவுல தெரியறாரு."

"ஆமா, அதுக்கு இன்னா?"

"அந்தத் துண்டப் பாரு. மாஸே போவுது. அவர் மொகத்த ப்ளர் பண்ணிடு."

எழில்மதி அவனை ஒரு தரம் பார்த்தாள். அவன் விளையாடவில்லை. அவள் கந்தசாமியின் முகத்தையும் துண்டையும் மங்கலாக்கினாள். பக்கத்தில் இருந்தவர்களோடு கலந்துபோகிற மாதிரி செய்யவும் அவளுக்குத் தெரியும். அப்படிச் செய்யவில்லை. செய்தியில் கைதானவன் முகத்தை மறைப்பார்களே, அதுபோல ஒரு வட்டமாக விட்டாள். பிரவீன்குமார் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

பிப்ரவரியில் கல்லூரி அரங்கில் எல்லாக் குழுக்களின் படங்களையும் போட்டார்கள். பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். கந்தசாமி வெள்ளைச் சட்டையில், ஊர்க்காரர்கள் சிலரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. தரை பிளந்தபோது பையன்கள் விசில் அடித்தார்கள். கூட்டம் திரையில் வந்ததும் ஊர்க்காரர்கள் தங்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். "அதோ நான்." "இதோ உன் மாமன்."

"எனக்குப் பக்கத்துல மங்கலா இருக்கறது யாரு?" என்றார் ஒருவர். "கந்தசாமி, உன் எடம் அது!"

விளக்கு போட்டதும் கந்தசாமி மகனிடம் கேட்டார். மகன் சட்டென்று, "எடிட்டிங்ல மிஸ்டேக்குப்பா" என்று எழில்மதியைக் காட்டினான்.

கந்தசாமி திரும்பினார். "இன்னாமா, இத்தினி பேரு நல்லா தெரியறாங்க. என்ன மட்டும் ஏன் அழிச்ச?"

"உங்க பையன்தாங்க அழிக்கச் சொன்னாரு. துண்டு அழுக்கா இருக்குதாம்."

அரங்கில் முன்வரிசை முழுக்கக் கேட்டது. ஊர்க்காரர்கள் கூரையைப் பார்த்தார்கள். கந்தசாமியின் முகம் கறுத்தது. மகனை அறையப்போகிறார் என்று எழில்மதி எதிர்பார்த்தாள். உள்ளுக்குள் ஆசைப்படவும் செய்தாள். அவர் வெள்ளைச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவன் சின்னப் பையன், தெரியாம சொல்லுவான். நீ செஞ்சிடுவியா? உங்கப்பன் என் கொல்லையில நின்னுதான உன்னப் படிக்க வெக்கறான்?" பிறகு ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பி, சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "எப்டி நடந்தான் பாத்தீங்களா நம்ம பையன்?" என்றார்.

எழில்மதி இதுவரை மகனை மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தாள். அன்று அப்பனையும் சேர்த்துக்கொண்டாள். பொன்னுரங்கம் அந்தக் குழுவுக்கு முதல் மதிப்பெண் கொடுத்தார். ஒரு கன்வென்ஷன்கூட விடுபடவில்லையாம்.

மறுநாள் கந்தசாமி வீட்டிலிருந்து அம்மாசியை வேலைக்குக் கூப்பிட ஆள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கரும்பு பாதி வெட்டில் நின்றிருந்தது. சங்கராபுரம் பக்கத்திலிருந்து வேறு ஆட்களைக் கொண்டுவந்தார்கள்.

"இன்னா சொன்ன அவருகிட்ட?" என்று அம்மாசி கேட்டார்.

"கேட்டாரு. நடந்தத சொன்னேன்."

"எல்லார் எதிர்லயுமா?"

"அவரும் எல்லார் எதிர்லதான் கேட்டாரு."

அம்மாசி வெட்டுக்கத்தியைத் துணியில் சுற்றிக் கூரையில் செருகினார். திட்டவில்லை. இரண்டு மூன்று நாள் வீட்டிலேயே இருந்தார். வேலை இல்லாமல் வீட்டில் இருக்கத் தெரியாதவர், பாத்திரங்களை எடுத்து எடுத்து வேறு இடத்தில் வைத்தார். அதைப் பார்க்கிறபோதுதான் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று எழில்மதிக்குத் தோன்றியது. உடனே அப்படித் தோன்றியதற்காக எரிச்சலும் வந்தது. பிறகு அவர் களமருதூர் பக்கம் நெல் அறுப்புக்குப் போகத் தொடங்கினார். தூரம் ஜாஸ்தி. விடியுமுன் கிளம்ப வேண்டும்.

அந்த மாதக் கடைசியில் தனி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்துவிட்டது. ஊர்ப்பக்கம் வெடிச்சத்தம் ஓயவில்லை. வெடி அடங்கிய இரண்டாம் நாள் மாலை, காலனி முனையில், முதல் வீடான எழில்மதி வீட்டருகே புல்லட் வந்து நின்றது. பிரவீன்குமார் இறங்கவில்லை. ஹாரனை அடித்தான். எழில்மதி வெளியே வந்தாள்.

"எழிலு, வெற்றிப் பாட்டு ஒண்ணு போடணும். அவசரம். நீதான் எடிட் பண்ணணும். வேற ஒருத்தன்கிட்ட குடுத்தேன், நான் நொண்டற மாதிரி வருது."

"எவ்ளோ சதவீதம் குடுத்திருக்காங்க உங்களுக்கு?"

"இன்னாது?"

"சட்டத்துல. எவ்ளோ?"

அவன் தலையைச் சொறிந்தான். "நெறைய. அதெல்லாம் பாட்டுல வேணாம், ரைமிங் வராது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "உங்கப்பாவ நாளைக்கே கொல்லைக்குக் கூப்புடச் சொல்றேன். அப்பாகிட்ட நான் பேசறேன்."

எழில்மதி திரும்பி வீட்டைப் பார்த்தாள். அம்மாசி அப்போதுதான் களமருதூரிலிருந்து வந்து, வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. நிமிரவில்லை.

"அறுப்பு பாக்கி கெடக்குது, வர முடியாதுன்னு சொல்லு" என்றார்.

பிரவீன்குமார் யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைப் பார்த்தான். வண்டி முதல் உதையில் கிளம்பவில்லை. மூன்றாவதில் கிளம்பியது. எழில்மதி அது வளைவில் மறையும்வரைகூட நிற்கவில்லை. உள்ளே போய் அடுப்பில் உலை வைத்தாள்.