மளிகை என்றொரு ஃபோல்டர்

போன வாரம் தர்மபுரியிலிருந்து பென்னாகரத்துக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். இண்டூர் தாண்டியதும் போனில் ஏதோ சமையல் குறிப்பைத் தட்ட, திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. 'உங்கள் போனில் நான்கு வைரஸ்கள்' என்று சுத்தத் தமிழில் மிரட்டியது. அந்தப் பக்கத்தை மூடினால் போதும் என்று தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஆனாலும் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள், எனக்கு அது பழைய பயம்.

அதோடு மூக்கில் ராகி வாசனையும் வந்தது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது ராகி மூட்டை அடுக்கிய உள்ளறையில். அங்கேதான் குளிர்ச்சி என்று, பெங்களூரில் வேலை பார்த்த அண்ணன் கொண்டுவந்து வைத்திருந்தான். அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து அதற்கு உறை தைத்திருந்தோம். எலி கடித்துவிடும் என்று, மாலையானால் மவுசைக் கழற்றிப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவாள் அம்மா.

நான் ஆறு மாத கோர்ஸ் முடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் டைப் அடிக்கச் சேர்ந்த புதிது. ஊரில் எனக்குக் 'கம்ப்யூட்டர் பொண்ணு' என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜாக்கெட் டிசைன் தேடிக்கொண்டிருந்தேன். 'உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, இலவசமாகச் சோதித்துப் பார்க்கவா?' என்று இங்கிலீஷில் ஒரு பெட்டி வந்து கேட்டது. கோர்ஸ் படித்தவள் அல்லவா, ஓகே கொடுத்தேன்.

கேடயப் படம் போட்ட ஒரு ஆண்டிவைரஸ் வந்து தானாக உட்கார்ந்துகொண்டது. வைரஸ்களை எண்ண ஆரம்பித்தது. நாற்பது, தொண்ணூறு, இருநூற்றுப் பதினேழு. எந்த ஃபைலைத் தொட்டாலும் திறக்கவில்லை. எல்லாம் அழியப்போகிறது, காப்பாற்ற வேண்டுமானால் கார்டு நம்பர் கொடு என்றது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே கார்டு ரேஷன் கார்டு.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "பார்மேட் பண்ணித் தொலை. அதுல என்ன பெருசா இருக்குது, உன் ஜாக்கெட் டிசைன்தானே?" என்று வைத்துவிட்டான்.

சத்தம் கேட்டு அண்ணி வந்தாள். "பார்மேட்டுன்னா என்ன கண்ணு?"

"எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தறதுங்க, அண்ணி."

அண்ணி அப்படியே ராகி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "அதுல மளிகைன்னு ஒண்ணு கெடக்கும். அதுவும் போயிடுமா?"

அந்த ஃபோல்டரை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஏதோ சாமான் பட்டியல் என்று விட்டுவிட்டேன். அண்ணி கதவுப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பாப்பா படம் கண்ணு."

அண்ணிக்குத் தலைப்பிள்ளை ஒரு பெண். எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். பல் முளைக்காமல் போன பிள்ளைக்குப் படம் வைத்தால் அடுத்தது தங்காது என்று அம்மா சொல்லிவிட்டாள். அதனால் ஒரு படத்தைக்கூடப் பிரிண்ட் போடவில்லை. கேமராவிலும் கம்ப்யூட்டரிலும் இருந்ததை அண்ணன் அழித்தான். ஆனால் அவன் அழிப்பதற்கு முன்பே அண்ணி ஒரு நகல் எடுத்து, யாரும் திறக்காத பெயராகப் பார்த்து வைத்திருக்கிறாள். காப்பி, பேஸ்ட் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். எதற்கு என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

அந்தக் குழந்தையை நான் இரண்டாவது தடவை சாகடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வேறெதுவும் ஓடவில்லை. அடித்த டைப்பெல்லாம் மறந்துபோய், விரல் எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

அண்ணிதான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பிளஸ் டூ வரை படித்தவள், மெதுவாக எழுத்துக் கூட்டினாள். "கண்ணு, டிவிடி டிரைவுல முப்பத்தோரு வைரஸ்னு போட்டிருக்கானே?"

"ஆமாங்க அண்ணி."

"அதைத்தான் உங்கண்ணன் ரிப்பேருன்னு கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டாரே? இல்லாத பொட்டியில பூச்சி எப்படி வரும்?"

குனிந்து பார்த்தேன். டிரைவ் இருந்த ஓட்டையை நாங்களே கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி அடைத்து வைத்திருந்தோம். அதன்மேல் மஞ்சள் தடவிய மூலைகூட அப்படியே இருந்தது. அட்டைக்குள் முப்பத்தோரு வைரஸ்! அப்போதுதான் மூச்சு வந்தது. சொன்னது அத்தனையும் புளுகு. அங்கே திருடன் என்று ஒருவன் இருந்தால் அது அந்தக் கேடயக்காரன்தான்.

நெட் ஒயரைப் பிடுங்கினேன். ஆஃப் செய்து, மறுபடி போடும்போது எஃப் எட்டுப் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்து சேஃப் மோடில் நுழைந்தேன். அதில் கேடயக்காரன் எழுந்து வரமாட்டான். அன்றைய தேதியில் புதிதாக முளைத்திருந்த ஃபோல்டரைத் தேடி அழித்தேன். கம்ப்யூட்டர் போட்டதும் அவனை எழுப்பிவிடுகிற டிக்கையும் எடுத்தேன். எழுத எளிது, அன்றைக்கு ஒவ்வொரு கிளிக்குக்கும் அண்ணி என் தோளை இறுக்கிப் பிடித்தாள். ஜாக்கெட் நனைந்துவிட்டது, அவள் வியர்வையா என் வியர்வையா தெரியாது.

சாதாரணமாகத் திறந்தது. சிவப்பு இல்லை. மளிகையைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை, மவுசை அண்ணியிடம் கொடுத்தேன். பதினோரு படம், ஒரு வீடியோ.

அப்போது கதவருகில் அம்மாவின் குரல். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"கொழந்த இருக்குதா?"

மளிகை அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எவ்வளவு நாளாக என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "இருக்குதுங்க அத்தை," என்றாள் அண்ணி. அம்மா உள்ளே வரவில்லை, திரையைப் பார்க்கவும் இல்லை. "சேலையைப் போட்டு மூடுங்க, தூசு படும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாளே பென் டிரைவில் எடுத்துப்போய், பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் இரண்டு சிடியில் ஏற்றி வைத்தேன்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் இல்லை, பழைய இரும்புக்குப் போய்விட்டது. வீட்டை இடித்துக் கட்டியதில் உள்ளறையும் போனது. ராகியும் கால் கிலோ பாக்கெட்டில்தான் வருகிறது. படம் வைக்கக் கூடாது என்று சொன்ன அம்மாவும் போய்விட்டாள். அவளுக்கு மாலை போட்ட படம் இருக்கிறது, குரலைப் பதிந்து வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்குப் பஸ்ஸில் அந்தச் சிவப்பை மூடிவிட்டு, முதல் வேலையாக மளிகையைத் திறந்தேன். என் போனிலும் அதே பெயர்தான். பதினோரு படமும் இருந்தன. வீடியோவைக் காதோடு வைத்துக் கேட்டேன், பத்தொன்பது நொடி. பார்க்காமலே எனக்கு மனப்பாடம். குழந்தை எங்கோ பார்க்கிறது. எங்கள் அம்மா அதன் முகத்தைக் கேமரா பக்கம் திருப்புகிறாள். "இங்க பாரு சாமி, நல்லாப் பாரு, படம் புடிக்கறாங்க."