கம்பெனிக்காரர்கள் போட்ட வரிசை

தொண்ணூறுகளின் நடுவில் தரமணியைத் தாண்டி இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் இங்கிலீஷ் வாத்தியார். இங்கிலீஷ் பேசுவான் என்ற ஒரே தகுதிக்காக, மாணவர்களுக்கு வேலை வாங்கித் தரும் பொறுப்பையும் என் தலையில் கட்டினார்கள். ‘பிளேஸ்மென்ட் ஆபீசர்’ என்று அறைக் கதவில் பலகை மாட்டினார்கள். உள்ளே ஒரு ஃபேன் மாட்ட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மயிலாப்பூர் வீட்டில் டை கட்டிக்கொண்டு கிளம்பி, தேனாம்பேட்டையில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவேன். ஒரே ஒரு தடவை எங்கள் கல்லூரிக்கு வந்து பையன்களைப் பாருங்கள் என்று கெஞ்சுவேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். “லிஸ்ட்ல மேல இருக்கற காலேஜுக்குத்தான் சார் போறோம்.”

அந்த லிஸ்டை வருஷா வருஷம் ஓர் ஆங்கிலப் பத்திரிகை போட்டது. ஆளெடுக்கும் கம்பெனிகளிடம் எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி என்று கேட்டு, அவர்கள் சொன்னதை வரிசைப்படுத்திவிடுவார்கள். வகுப்பறைப் பக்கம் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. “நீங்க வந்தாத்தானே எங்களைப் பத்தித் தெரியும்? தெரிஞ்சாத்தானே எழுதுவீங்க?” என்று ஒரு மேனேஜரிடம் கேட்டேன். “நியாயமான பாயின்ட் சார்” என்றார். நல்ல காபி ஒன்றும் கொடுத்தார். வரத்தான் இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததற்குக் காரணம், அந்த வருஷங்களில் எங்களிடம் பாடம் உண்மையிலேயே நன்றாக நடந்தது. எலக்ட்ரானிக்ஸ் துறையில் ஒரு வாத்தியார் இருந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்க்யூட்டில் ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே கெடுத்து வைத்துவிட்டு, “எங்க போச்சு, கண்டுபிடிங்க” என்று நாற்காலியில் சாய்ந்துவிடுவார். மாலை கல்லூரி பஸ் கிளம்பும்வரை பிள்ளைகள் அந்த மேஜையை விட்டு நகரமாட்டார்கள். வேலையில்லாத நேரங்களில் நானும் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பேன். அவரைப் பார்த்து இன்னும் சிலரும் அப்படியே நடத்த ஆரம்பித்தார்கள்.

அவரிடம் படித்தவர்களில் கெட்டிக்காரி பட்டினப்பாக்கத்துப் பெண் ஒருத்தி. அம்மா மீன் விற்பவர். கெட்ட இடத்தை முதலில் கண்டுபிடிப்பவள் பெரும்பாலும் அவள்தான். கடைசி வருஷம் முடிந்தும் கம்பெனி என்று ஒன்றும் வரவில்லை. ஒருநாள் அந்த அம்மா கூடையோடு நேராக என் அறைக்கு வந்தார்.

“இன்னா சார், பொண்ணு ஃபர்ஸ்ட்டா வந்துகீதுன்றாங்க. அப்பறம் ஏன் சார் எவனும் கூப்புடல?”

படிப்பு நன்றாக இருக்கிறது, கம்பெனிகளுக்குத்தான் எங்களைத் தெரியவில்லை என்றேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது. அவர் கொஞ்சநேரம் என் டையையே பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பெண் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை பில்லிங் கவுன்ட்டரில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் சாஃப்ட்வேர் காற்று பலமாக அடித்தது. எலக்ட்ரானிக்ஸ் வாத்தியாரைத் தேனாம்பேட்டைக் கம்பெனி ஒன்று கொத்திக்கொண்டு போனது. நாங்கள் கொடுத்த சம்பளத்துக்கு அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் பின்னாலேயே நல்லவர்களாகப் பார்த்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவர்கள் இடத்தில், வேலை கிடைக்காமல் நின்ற எங்கள் பழைய மாணவர்களையே நிர்வாகம் உட்காரவைத்தது. பாவம், அவர்கள் பழைய நோட்டைப் பார்த்து போர்டில் எழுதிப்போட்டுவிட்டுப் போனார்கள். லேபில் எதையும் யாரும் கெடுக்கவில்லை. தானாகவே கெட்டுக் கிடந்தது.

அந்த வருஷம்தான் லிஸ்டில் எங்கள் கல்லூரி கிடுகிடுவென்று மேலே ஏறியது. நிர்வாகம் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தது. நான் இத்தனை நாள் அலைந்ததன் பலன் என்று மேடையில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

புரியவைத்தவர் அந்த வாத்தியார்தான். பனகல் பார்க் வாசலில் எதிர்ப்பட்டார்; முகமெல்லாம் சிரிப்பு. “இந்த வருஷம் அந்தப் பத்திரிகை ஃபாரம் என் டேபிளுக்கு வந்துது சார். நம்ம காலேஜைத்தான் முதல்ல எழுதினேன். அங்கங்க இருக்கற நம்ம ஆளுங்க எல்லாரும் எழுதியிருக்காங்க.” பாசத்தில் செய்த காரியம். போனவர்கள் போட்ட மார்க்கில் நாங்கள் மேலே வந்திருந்தோம். அவரிடம் என்னவென்று சண்டை போடுவது? தேங்க்ஸ் சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன்.

கம்பெனிகள் வர ஆரம்பித்தன. அந்த மே மாதம் பட்டினப்பாக்கத்து அம்மாவும் வந்தார். கூட அந்தப் பெண்ணும், பிளஸ் டூ முடித்த அவள் தங்கையும்.

“இப்போ உங்க காலேஜ் டாப்புல கீதாமே சார். சின்னதையாச்சும் இங்கயே சேத்துடலாம்னு கூட்டியாந்தேன்.”

மூத்தவள், “அந்த சார்தானே இன்னும் லேப் எடுக்கறாரு?” என்று கேட்டாள்.

இந்தத் தடவையாவது உண்மையை முழுதாகச் சொல்லிவிடுவது என்று, அவர் போய்விட்டார், மற்றவர்களும் போய்விட்டார்கள், இப்போது பாடம் சரியில்லை, வேறு இடம் பாருங்கள் என்று சொன்னேன். யார் மார்க் போட்டு இந்த இடம் வந்தது என்பதையும் சொன்னேன்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நீ இன்னா சார் ஆளு? அன்னிக்கு படிப்பு நல்லா கீது, கம்பெனி வராதுன்ன. இன்னிக்கு கம்பெனி வருது, படிப்பு இல்லன்ற. எங்கள மாதிரி ஜனங்களுக்கு ரெண்டும் ஒண்ணா எப்பதான் சார் வரும்?”

உதவிக்கு மூத்தவளைப் பார்த்தேன். நல்ல பாடம் என்றால் என்னவென்று அந்த அறையில் அவளுக்குத்தான் தெரியும். அவள் தங்கை பக்கம் திரும்பினாள்.

“சேத்துடும்மா,” என்றாள். “கம்பெனி வருதில்ல.”

அப்ளிகேஷன் எந்தக் கவுன்ட்டரில் கொடுக்கிறார்கள் என்று கையைக் காட்டினேன்.