தயிர் சாதம் சாப்பிட்ட மல்லி

எங்க தொழில்ல பேஷண்ட் வாயைத் திறக்காது, கூட வர்றவங்க வாயை மூட மாட்டாங்க. திருத்தணி மலையடிவாரத்துல ஒரு கால்நடை டாக்டர்கிட்ட பத்தொன்பது வருஷம் உதவியாளா இருந்தேன். டாக்டர் வயசாகி மகன் ஊருக்குப் போயிட்டாரு. இப்ப அந்த இடத்துல செல்போன் கடை. அந்தப் பக்கம் போனா இன்னைக்கும் கை தானா டெட்டால் பாட்டிலைத் தேடுது. வீட்ல பூனை வச்சிகினு தூக்கம் கெட்டுக் கெடக்குற என் சக அவஸ்தைக்காரங்களே, இது உங்களுக்காக. அதுலயும் சினைப்பூனை வச்சிருக்கிறவங்க கொஞ்சம் கிட்ட வாங்க.

ரெண்டும் ஒரே வூடு

ஆரம்பத்துல மாடு, ஆடு, நாய்தான் வரும். பூனைக்கு வைத்தியம்னாலே ஜனங்க சிரிப்பாங்க. கருக்கலைஞ்ச பூனைன்னு நான் முதல்ல பார்த்தது அரக்கோணத்துலேர்ந்து ரயில்ல வந்தது. ரயில்வேல வேலை பார்க்குறவரு, துண்டுல சுத்தித் தூக்கிகினு வந்தாரு. பூனைக்குக் கை காலெல்லாம் நடுங்குது, பின்னால ரத்தக்கசிவு, ரெண்டு குட்டி குறைமாசத்துல விழுந்துடுச்சாம். பக்கத்து வூட்டம்மா வயித்தைப் பார்த்துக் கண்ணு வச்சிட்டாங்கன்னு கழுத்துல கறுப்புக் கயிறு வேற.

டாக்டர் மோந்து பார்த்துட்டு, "மேல இன்னா தடவுனீங்க?"ன்னாரு. நாய்க்கு வாங்கின உண்ணி மருந்து! மீந்துதுன்னு பூனைக்கும் தடவியிருக்காரு மனுஷன். குட்டி போனதுக்கு அதுதான் காரணம்னு அடிச்சிச் சொல்ல முடியாது, நடுக்கத்துக்கு அதுதான் காரணம், சினைப்பூனைக்குக் கேக்காம ஒரு சொட்டு மருந்து கூடாதுன்னு டாக்டர் ஒரு பாடமே எடுத்தாரு. ரெண்டு நாள் கழிச்சிப் பூனை பிழைச்சிகிச்சு. அவரு மட்டும் கடைசி வரைக்கும் சமாதானம் ஆகல. "நாய்க்கு ஒத்துக்கினது பூனைக்கு ஏன் சார் ஒத்துக்கல? ரெண்டும் ஒரே வூட்லதானே துன்னுதுங்க?"

மல்லி

பொதட்டூர்பேட்டை சாரதாவை நான் மறக்க முடியாது. தறிக்காரங்க. அத்தை பையனைத்தான் கட்டிகினு இருந்தா, அவரை "பாவா"ன்னு கூப்பிடுவா. ஒயர் கூடையில பழைய லுங்கியைப் போட்டு, மேல மல்லி. வெள்ளைப் பூனை. ரெண்டாவது தடவையா குட்டி கலைஞ்சி போச்சு. வூடெல்லாம் சுத்தி சுத்தி குட்டியைத் தேடிக் கத்துதுன்னு சாரதா சொன்னா.

டாக்டர் பொறுமையா எல்லாம் பார்த்தாரு. ஜுரம் இருக்கா, கசிவு நாறுதா, உள்ள ஏதாவது தங்கியிருக்கா, வெளிப் பூனைகிட்டேருந்து நோய் ஏதாவது ஒட்டிச்சான்னு. விழுந்த குட்டியை வீசாம ஒரு டப்பாவுல எடுத்துகினு வந்திருந்தா, அதையே பாராட்டினாரு. "தறிச் சத்தமா இருக்குமா சார்?"னு கூட வந்திருந்த பாவா கேட்டாரு. தறி பக்கத்துலயே பொறந்த பூனைக்குச் சத்தம் என்ன பண்ணும்? கடைசியா டாக்டர் கேட்டாரு, "இது இன்னா துன்னுது?"

சாரதா முகத்துல ஒரு பெருமை வந்துச்சு பாருங்க. "தயிர் சாதம் சார். வூட்ல யாரும் கவுச்சி தொடுறதில்ல. எலி புடிச்சாக் கூட புடுங்கி எறிஞ்சிடுவேன்."

நான் போட்ட ஊசி

விஷயம் இதுதான். சாரதாவுக்கும் ரெண்டு தடவை கலைஞ்சிருக்கு. ஒரு புள்ளை தங்குற வரைக்கும் மீன், கறி, முட்டை எதுவும் வூட்டு வாசப்படி தாண்டாதுன்னு முருகனுக்கு வேண்டிகினு இருக்கா. ரெண்டு வருஷமா அப்படித்தான். கூடவே மல்லியும்.

பூனைக்கு மீன், கறியில மட்டும் கிடைக்கிற ஒரு சத்து இருக்குதாம். நாய் உடம்பு அதைத் தானா செஞ்சிக்கும், பூனையால முடியாது. அது இல்லாட்டி கண்ணு போகும், நெஞ்சு கெடும், வயித்துல குட்டி தங்காது. டாக்டர் இதை மெதுவா சொல்லிகினு இருந்தாரு. பாவா தலையில கைய வச்சிகினு, "எங்க வூட்ல எதுவும் தங்க மாட்டேங்குதே சார்"னாரு.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? மேஜை மேல நோஞ்சானா கெடந்த மல்லியைப் பார்த்து வயிறு எரிஞ்சிடுச்சு. "முருகர் வந்து பூனையைத் தயிர் சாதம் துன்னச் சொன்னாராம்மா? உன் வேண்டுதல்தான் அது புள்ளைங்களை எடுத்துகிச்சு!"ன்னு கத்திட்டேன். சாரதா கூடையைத் தூக்கிகினு போயிட்டா. டாக்டர் எடுத்துக் கொடுத்த மருந்து மேஜை மேலயே கெடக்குது. டாக்டர் என்னைத் திட்டக் கூட இல்ல. கையைக் கழுவிகினே சொன்னாரு: "நான் போடுற ஊசியில மருந்து இருக்கும் கனகா. நீ போட்டது வெறும் ஊசி."

சத்தத்துல கேட்ட மன்னிப்பு

ஞாயித்துக்கிழமை மருந்தை எடுத்துகினு பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினேன். வெக்கமா இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு. தெருவுல எந்த வூட்ல பார்த்தாலும் தறி ஓடுது. சாரதா வூட்டு வாசல்ல நின்னு "மன்னிச்சிடும்மா"ன்னேன், அவ காதுல விழல. மறுபடி சொன்னேன். மூணாவது தடவை தொண்டை கிழியக் கத்தின நேரம் பார்த்து பாவா தறியை நிறுத்தினாரு. தெருவே திரும்பிப் பார்த்துச்சு! சாரதாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு.

பாக்கெட் தீனி வாங்கலாம்னு பாவா கடைக்குப் போயிருக்காரு. கவர்ல மீன் படம் இருக்குதுன்னு அப்படியே வச்சிட்டுத் திரும்பிட்டாராம். அப்புறம் சாரதாவே வழி கண்டுபிடிச்சிட்டா. எதிர் வூட்டுக்காரம்மா தினம் மீனை வேக வச்சி முள்ளெடுத்து வைப்பாங்க. மல்லி காலையில ரோட்டைத் தாண்டிப் போய் துன்னுட்டு, மூஞ்சியைத் துடைச்சிகினு திரும்பி வரும். விரதம் கெட்டுடாதான்னு அத்தை கேட்டதுக்கு இவ சொன்ன பதிலை எனக்கும் ஒரு தடவை சொன்னா: "வேண்டிகினது நான் அக்கா, மல்லி இல்லியே."

மூணு குட்டி

உடம்பு தேறுற வரைக்கும் மல்லியை வெளிய ஆண் பூனைகிட்ட விடாதேன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. அப்படியே காப்பாத்தி, அப்புறம் ஸ்கேன் எடுத்து, ஒன்பது வாரமும் சாரதா விரல் விட்டு எண்ணினா. மூணு குட்டி. ஒண்ணு கூட விழல. அதே ஒயர் கூடையில எல்லாத்தையும் கொண்டாந்து மேஜை மேல எறக்கினா. டாக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிகினாரு. நான் வெக்கமே இல்லாம அழுதேன். குட்டிங்க பால் மறந்ததும் மல்லிக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணிடலாம், இது உடம்பு இனிமே தாங்காதுன்னாரு டாக்டர். "ஆங், பண்ணிடுங்க"ன்னு உடனே ஒத்துகினா.

போறப்போ என்னைத் தனியா வாசலுக்குக் கூப்பிட்டா. போன மாசம் லேடி டாக்டர்கிட்ட போயி ரத்தம் டெஸ்ட் பண்ணிகினாளாம். உடம்புல ரத்தமே பாதிதான் இருக்குதாம், மாத்திரை கொடுத்திருக்காங்களாம். விரதத்துக்கு முன்னாடியிலேர்ந்தே எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சம் இருந்தாத்தான் துன்றதாம். "ஏம்மா இத்தனை நாளா சொல்லல?"ன்னேன். கூடையில இருந்த குட்டியைத் தடவிகினே சொன்னா: "எனக்கு ரெண்டு தடவை போனப்பவும் யார் கண்ணு பட்டுச்சு, யார் தோஷம்னுதான் கேட்டாங்க அக்கா. இன்னா துன்னேன்னு ஒருத்தரும் கேக்கல. உங்க டாக்டர் பூனைக்குக் கேட்டாரு."

அதுலேர்ந்து கிளினிக் மூடுற வரைக்கும் கூடையில வந்தது இன்னா துன்னுதுன்னு கேக்குறதோட, கூடையைத் தூக்கிகினு வந்த பொம்பளைங்களையும் "நீ இன்னாம்மா சாப்டே?"ன்னு கேட்டுகினே இருந்தேன், பாதிப் பேரு டிபன் வாங்கித் தரப்போறேன்னு நெனச்சி பெஞ்சுல நல்லா சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க.