கதிரவேலின் ட்ரம்பெட்

பேத்தி பள்ளிக்கூட பாண்டில் ஊதும் ட்ரம்பெட்டை என் மேசையில் வைத்தாள். ஊதுவாயை மூக்கருகே கொண்டுபோனேன். பித்தளையும் எச்சிலும் கலந்த அதே வாடை.

வெள்ளைக்காரன் காலத்துக் கல்லூரிப் பரிசளிப்பு விழா. வாவிக்காற்றில் மேடைத் துணி படபடத்தது. முன்வரிசையில், வயல்நிலம் நிறைந்த மற்றப் போடியார்களுக்கு நடுவில், அப்பா. எட்டு எண்ணுவதற்குள் நான் தனியாக ஊதவேண்டும். என் ட்ரம்பெட்டின் நடு விசை அமுங்கியது, எழும்பவில்லை. பாண்ட் மாஸ்டரின் கோல் என் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற கதிரவேல் தன்னுடையதை நீட்டினான். “இந்தா, இதுல ஊது.”

பனிச்சங்கேணி மீன்காரர் மகன் அவன். எங்கள் வீட்டில் அவனுக்குத் தண்ணீர் சிரட்டையில்தான். ஊதுவாயைக் கழற்றி மாற்ற நேரமில்லை. அது அவன் எச்சிலில் பளபளத்தது. அப்பா உட்கார்ந்திருந்த கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். மண்டபமே கை தட்டியது. அப்பா தட்டவில்லை.

வீட்டு வாசலில் செம்போடு மறித்தார். “வாயக் கழுவித்து உள்ளுக்கு வா.”

மூன்று தரம் கொப்பளித்துத் துப்பினேன். நிமிர்ந்தபோது, மேடையில் நான் மறந்துவிட்டு வந்த பரிசுப் புத்தகத்துடன் கதிரவேல் வேலிப் படலையடியில் நின்றான்.

“கழுவித்துத் தாறன் அப்பப்பா, ஊதிப் பாருங்க” என்று பேத்தி கையை நீட்டினாள்.

கழுவாதே என்றேன்.