லைன் கேட்டவர்கள்

பிராட்பேண்ட் லைன்மேன் வேலையில், விதி யார் போட்டதானாலும் திட்டு நமக்குத்தான். திரையில் வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நீங்களும் என் போன்ற ஒருவனைச் சபித்திருப்பீர்கள். அப்போது வாசலில் நின்றவன் பட்டதையும் கேளுங்கள்.

மின்கம்பம்

சின்னாளபட்டியில் ஒரு அக்கா சுங்குடிச் சேலைகளைச் சாயங்காலம் போனில் நேரலையாகக் காட்டி விற்பார். மொபைல் சிக்னலில் படம் உறைந்துவிடும். எங்கள் லைன்தான் அவருக்குக் கடை. தீபாவளி நெருங்கும்போது, மின்கம்பங்களில் கட்டிய கேபிள்களை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது. மின்வாரிய ஆட்கள் தெரு முழுக்க அறுத்துப் போட்டார்கள். ஆபத்தைத் தடுக்கத்தான் அந்த விதி, தப்புச் சொல்ல முடியாது. தனிக் கம்பம் நட அனுமதி வர வேண்டும் என்றேன். அக்கா சண்டை போடவில்லை. விரித்து வைத்த சேலைகளை மடித்தபடி சொன்னார்: “சேலை இருக்கு தம்பி. பாக்கத்தான் ஆளில்ல.”

பெயர் மாற்றம்

வடமதுரையில் கணவரை இழந்த ஒரு அம்மா, லைனைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொன்னார். கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். யார் பெயரில் இருக்கிறதோ அவரே முகம் காட்டிச் சம்மதிக்க வேண்டும், அதுதான் விதி என்றது எதிர்முனைப் பெண் குரல். அவர் இறந்துவிட்டார் என்று நான் சொல்லியும், கஸ்டமரையே வரச் சொல்லுங்கள் என்றுதான் திரும்பவும் பதில். அந்த அம்மா என் கையிலிருந்த போனை வாங்கி, மெதுவாகச் சொன்னார்: “அவுக வந்தா எனக்கும் நல்லதுதாம்மா.”

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரு விவசாயி. மனைவி படுத்த படுக்கை. ஒரே மகள் வெளிநாட்டில் நர்ஸ், லீவு கிடைக்கவில்லை. மொபைலில் குரல் வரும், முகம் வராது. அந்தம்மாவுக்கு மகள் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் கேபிளோ நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கமே நின்றது. ரோட்டைக் கடக்க அனுமதி வேண்டும். முருங்கை பறிப்பு நடக்கும்போதும் அவர் வேலையை விட்டு வந்து, அனுமதி வந்ததா என்று கேட்பார். பிறகு வருவது நின்றுவிட்டது.

அனுமதி வந்ததும் கேபிளை இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே அந்தம்மா படத்துக்கு மாலை போட்டிருந்தது. மகள் காரியத்துக்கு வந்துவிட்டுத் திரும்பியும் போய்விட்டாளாம். கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்: “மாட்டிட்டே போங்க. புள்ளைக்குப் பாக்க இனி நான் ஒருத்தன்தானுங்களே.”

விளம்பரத்தில் நாங்கள் விற்பது வேகம். நான் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது பெரும்பாலும் தாமதம்.