கடைசி பஸ் பாட்டின் இரண்டாம் சரணம்

எங்கள் பக்கத்தில் ஒரு ராக் பாட்டுக் குழு இருந்தது என்றால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். திருவிழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா வரும், கல்யாணத்துக்கு பேண்டு செட் வரும், அதைத்தானே சொல்கிறாய் என்பார்கள். அதில்லை. நான்கு பையன்கள் சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, எலக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸுமாக மேடை அதிரப் பாடினார்கள். இரண்டு பேர் இண்டூர்ப் பக்கம், இரண்டு பேர் பாப்பிரெட்டிப்பட்டி. வூடு, ஆயா என்று நாங்கள் பேசுகிற பேச்சிலேயே பாட்டு இருக்கும். கூட்டத்திலிருந்து யாராவது சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு அனுப்பினால், மரியாதையாக வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தங்கள் பாட்டையே பாடுவார்கள். அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான் அப்போது தருமபுரியில் விடுதியில் தங்கி மருந்தாளுநர் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எங்கே பாடினாலும் தோழிகளை இழுத்துக்கொண்டு போய்விடுவேன். கல்லூரி விழா, கபடிப் போட்டி, பொங்கல் விழா, எதையும் விடவில்லை. பிறகு ஒருநாள் குழு உடைந்துவிட்டது என்றார்கள். பாடகரும் கிதார்க்காரரும் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். சினிமாவுக்குப் போகலாம் என்று ஒருவர் சொல்லி மற்றவர் மறுத்ததாக ஒரு கதை உலவியது. ஒருவர் பைக்கை மற்றவர் வாங்கிப் போய்ச் சொட்டு பெட்ரோல் இல்லாமல் திருப்பிக் கொடுத்ததுதான் காரணம் என்று இன்னொரு கதை. எனக்கென்னவோ இரண்டாவது கதைதான் உண்மையாக இருக்கும் என்று படுகிறது.

அவர்கள் பாட்டுகளை யாரோ புண்ணியவான் நெட்டில் ஏற்றிவைத்திருக்கிறான். ஒரே ஒரு பாட்டு மட்டும் அதில் இல்லை. குழு உடைவதற்குச் சற்று முன்னால் போட்ட பாட்டு அது. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ரோட்டில் நிற்கிற ஒருவனைப் பற்றியது. மொத்தமே மூன்று மேடையில்தான் பாடினார்கள். மூன்றிலும் நான் இருந்தேன்.

கடைசி பஸ்ஸும் போயிருச்சு
கடையெல்லாம் சாத்தியாச்சு
ரோட்டுமேல நான் நிக்கறேன்
ரோடு மட்டும் வூட்டுக்குப் போவுது

இது முதல் சரணம். இரண்டாவது சரணம் எனக்கு ஞாபகம் இல்லை. அது வரும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. முதல் இரண்டு தடவையும் அழுகையை அடக்குவதிலேயே வார்த்தையைக் கோட்டைவிட்டேன். மூன்றாவது தடவை எப்படியாவது மனப்பாடம் செய்துவிடுவது என்று போனேன். முதல் சரணம் முடிகிற நேரத்தில் விடுதிக்குத் திரும்புகிற பஸ் கிளம்புகிறது என்று தோழி கையைப் பிடித்து இழுத்தாள், ஓடினேன். பஸ்ஸை விட்டவனைப் பற்றிய பாட்டை, பஸ்ஸைப் பிடிக்க ஓடிப் பாதியில் விட்ட ஆள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிறகு கல்யாணம் ஆனது. பாப்பிரெட்டிப்பட்டியில் மருந்துக்கடையில் வேலை. வீட்டுக்காரருக்குச் சொட்டுநீர்க் குழாய்க் கடையும், குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்ட கொஞ்சம் நிலமும். மகள் பிறந்து, தூங்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணிய நாட்களில், வேறு தாலாட்டு தெரியாமல் இந்தப் பாட்டைத்தான் பாடினேன். அதில் ஒரு சிக்கல். பாதியில் நிறுத்தினால் பிள்ளை விழித்துக்கொள்ளும். அதனால் இரண்டாம் சரணம் வரவேண்டிய இடத்தில் நானே நாலு வரி போட்டு ஒப்பேற்றினேன்.

போன பஸ்ஸு போவட்டும்
பொடிநடையா வா சாமி
வாசல் லைட்டு எரியுது
வட்டல்ல சோறு ஆறுது

வட்டல் என்றால் எங்கள் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு. தேவைக்குப் போட்ட வரிகள்தான். உண்மையான சரணம் கிடைத்ததும் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். மகள் வளர்ந்து தாலாட்டை நிறுத்திய பிறகும் சமைக்கும்போது, துணி மடிக்கும்போது இந்த வரிகள் வாயில் வந்துகொண்டே இருந்தன. பழைய தோழிகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒருத்தி அந்தப் பாட்டே ஞாபகம் இல்லை என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

போன ஆண்டு, நான்கு பேரும் மறுபடி சேர்ந்து அரூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடப் போகிறார்கள் என்று போனில் செய்தி வந்தது. டிரம்ஸ்காரர் இப்போது அரூரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். அவர்தான் எல்லோரையும் பிடித்து உட்காரவைத்துப் பேசிச் சமாதானம் பண்ணியிருக்கிறார். நான் அன்றைக்குச் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

“நீங்களும் வாங்க. எனக்கு அந்தப் பஸ் பாட்ட ஒரு தடவ முழுசாக் கேட்டாப் போதும், வந்துரலாம்” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“அந்தச் சத்தத்துலயா? காது போயிருமே” என்றார்.

“பஞ்சு தர்றேன்.”

“அப்ப வர்றேன்” என்றார். கடையிலிருந்து ஒரு சுருள் பஞ்சு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கல்யாண மண்டபத்தில்தான் நிகழ்ச்சி. மூன்று மணிக்கு ஆரம்பம். ஆறு மணிக்குள் மண்டபத்தைக் காலி பண்ணிக் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் மறுநாள் அங்கே கல்யாணம், அன்றைக்குச் சாயங்காலமே பெண்ணழைப்பு. பரவாயில்லை, மூன்று மணி நேரம் தாராளம் என்று நினைத்தேன். எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றித் தெரிந்திருந்தும் அப்படி நினைத்தது என் தப்புதான்.

மேடையில் டிரம்ஸும் கிதாரும் தயாராக நிற்க, மைக்கைப் பிடித்தவர் டிரம்ஸ்காரரின் தாய்மாமன். பக்கத்தில் ஒரு நாற்காலி நிறையச் சால்வைகள். மண்டபத்துக்காரருக்கு ஒரு பொன்னாடை. பேனர் அடித்துக் கொடுத்தவருக்கு ஒன்று. மைக் செட்காரருக்கு ஒன்று. பாடகரின் பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒன்று, அவர் வாங்கிக்கொண்டு ஒழுக்கத்தின் அவசியத்தைப் பற்றிப் பேசினார். போர்த்தினவருக்குப் பதிலுக்கு ஒன்று. எங்கள் பக்கத்தில் சபை மரியாதை இல்லாமல் எதுவும் தொடங்காது. கருமாதிக்கே வரிசை பார்த்துத்தான் பெயர் சொல்வார்கள். ராக் பாட்டுக்கு மட்டும் விட்டுவிடுவார்களா?

நடுவில் ஒருவரின் பெயரை விட்டுவிட்டார்கள். அவர் டிரம்ஸ்காரருக்குப் பங்காளி முறையாம். “நாங்கல்லாம் ஆளாத் தெரியலீங்களா?” என்று எழுந்து வெளியே போய்விட்டார். தாய்மாமன் மைக்கோடு பின்னாலேயே ஓட, வயர் எட்டாமல் நின்று, பிறகு மைக்கை வைத்துவிட்டுப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவருக்குப் போர்த்திய சால்வை மற்றவர்களுடையதைவிடப் பெரியது. நான்கு பாட்டுக்காரர்களும் ஓரமாகக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் தொந்தி விழுந்திருந்தது. பாடகருக்கு முன்மண்டையில் முடி இல்லை. நான் கோபத்தோடு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பொறு, எல்லாருக்கும் போத்தி முடிச்சிருவாங்க” என்றார் வீட்டுக்காரர், பஞ்சை உருட்டிக்கொண்டே.

“நீங்க வேற, சும்மா இருங்க” என்றேன்.

ஐந்து மணிக்கு மேல்தான் டிரம்ஸில் முதல் அடி விழுந்தது. என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. குரல் கொஞ்சம் தடித்திருந்தது, கிதார் மட்டும் அப்படியே இருந்தது. பாடகரும் கிதார்க்காரரும் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டாவது பாட்டில் பார்த்தார்கள். மூன்றாவது பாட்டில் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நான் துடைக்கவுமில்லை. பக்கத்தில் வீட்டுக்காரர் இரண்டு காதிலும் பஞ்சோடு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

அதற்குள் பின்னால் பெண் வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். சமையல்காரர்கள் அண்டாவையும் கத்தரிக்காய் மூட்டையையும் சுமந்துகொண்டு ஓரமாகப் போனார்கள். வாசலில் வாழை மரம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். பெண்ணின் அப்பா வந்து தாய்மாமன் காதில் ஏதோ சொன்னார். தாய்மாமன் மேடையைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரே ஒரு பாட்டு.

அவர்களுக்கு இருபது பாட்டாவது உண்டு. எதைப் பாடப் போகிறார்களோ என்று நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். கிதார்க்காரர் குனிந்து மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். இரண்டு மீட்டலில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதேதான். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். இந்தத் தடவை அழக் கூடாது, பஸ் இல்லை, யாரும் இழுக்க மாட்டார்கள், ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் சரணம் முடிந்தது. கிதார் ஒரு சுற்று வந்தது. பாடகர் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு சுற்று வந்தது. பாடகர் கிதார்க்காரரைப் பார்த்தார், கிதார்க்காரர் உதட்டைப் பிதுக்கினார். டிரம்ஸ்காரர் தலையை ஆட்டினார். நான்கு பேரும் சிரித்துவிட்டார்கள்.

“தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார் பாடகர் மைக்கில். “அடுத்த சரணம் எங்க நாலு பேத்துக்குமே மறந்து போச்சுங்க. ஒரு வாரமா ஒக்காந்து யோசிச்சுப் பாத்தோம், வரல. மேடையில வந்துருமுன்னு நெனச்சோம். உங்கள்ல யாருக்காச்சும் தெரியுங்களா?”

கிதார் மட்டும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுதினவனுக்கே தெரியவில்லை என்றால் இனி யாரிடம் போய்க் கேட்பது? இத்தனை வருஷம் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த ஒன்று எங்கேயுமே இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

பக்கத்து நாற்காலி நகர்ந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார். பஞ்சு அவர் உள்ளங்கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

“எனக்குத் தெரியுமுங்க” என்றார்.

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் உட்காரவில்லை. அவருக்குப் பாட வராது. கடையில் வந்தவரிடம் குழாய் அளவு சொல்வது போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “போன பஸ்ஸு போவட்டும். பொடிநடையா வா சாமி. வாசல் லைட்டு எரியுது. வட்டல்ல சோறு ஆறுது. அவ்வளவுதானுங்க.”

பாடகர் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, “ஆமாங்க, இதேதான்” என்றார். கிதார்க்காரரும் தலையை ஆட்டினார். பாடினார்கள். மெட்டில் அச்சாக உட்கார்ந்தது, உட்காராமல் என்ன, அந்த மெட்டுக்குப் போட்ட வரிகள்தானே. இரண்டாவது தடவை கூட்டமும் சேர்ந்துகொண்டது. வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள். கூட வந்திருந்த பெண் வீட்டுப் பெண்கள் “வா சாமி, வா சாமி” என்று கைதட்டினார்கள். அந்த மண்டபத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். சிரிப்பு, வெட்கம், கோபம், துக்கம் எல்லாம் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்? உட்கார்ந்தே இருந்தேன்.

பாட்டு முடிந்ததும் பாடகர் கீழே இறங்கிவந்து வீட்டுக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “எழுதுன நானே மறந்துட்டேங்கண்ணா. நீங்க மனசுல வச்சிருந்தீங்க பாருங்க” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன்? தாய்மாமன் விடுவாரா, நாற்காலியில் மீதியிருந்த ஒரே சால்வையை எடுத்துவந்து வீட்டுக்காரருக்குப் போர்த்திப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

சால்வையோடேயே வண்டியை எடுத்தார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வெயில் இறங்கியிருந்தது. அரூரைத் தாண்டிவிட்டோம்.

“அந்த வரியெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றேன் கடைசியில்.

“நீதான தெனமும் பாடுற. காதுல விழாமயா இருக்கும்?”

“நீங்க கேக்கறீங்கன்னே எனக்குத் தெரியாதுங்க.”

“அந்தப் பசங்க பாட்டுல எனக்கு ஒண்ணும் புரியாது. ஒரே சத்தம். ஆனா அந்தச் சோறு ஆறுதுங்கற எடம் இருக்குதே, அதை மட்டும் அந்தப் பையன் நல்லா எழுதியிருக்கான்” என்றார். “மண்டிக்குப் போயிட்டு லேட்டா வர்றப்ப நம்ம வூட்டு லைட்டு தூரத்துல தெரியுமே, எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.”

வழியில் வரும் சித்தேரி மலை இடதா வலதா என்றுகூட எனக்கு அப்போது தெரியவில்லை. கண்ணில் அவ்வளவு தண்ணீர்.

“அது அந்தப் பையன் எழுதுனது இல்லீங்க” என்றேன். “பாப்பாவைத் தூங்க வைக்க நான் போட்டது.”

வண்டி மெதுவானது. ஒரு புளியமரத்தடியில் ஓரம்கட்டி நிறுத்தினார்.

“அப்ப அந்தப் பையன் எழுதுனது என்ன?”

“தெரியலீங்க. இனிமே யாரும் தேடவும் மாட்டாங்க. அதான் கெடச்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டாங்களே.”

“நான் கெடுத்துட்டனா?” என்றார்.

“இல்லீங்க” என்றேன். அவர் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து உதறி, பின்னால் திரும்பி என்னிடம் நீட்டினார்.

“காத்து குளுருது, போத்திக்க” என்றார்.

எனக்குக் குளிரவில்லை. வாங்கிப் போர்த்திக்கொண்டேன்.