கடைக்குள் முதல் கால்

செல்லக்கனி அக்கா தன் கடையைத் தானே திறப்பாள், தானே பூட்டுவாள். ஆனால் காலையில் திறந்த கடைக்குள் முதலில் நுழைய மாட்டாள். வேறு யாராவது வந்து ஒரு கால் உள்ளே வைத்துவிட்டுப் போன பிறகுதான் அவள் படி ஏறுவாள். 1941-ல் நான் தூத்துக்குடியை விட்டுப் போனபோது இப்படித்தான் இருந்தது. ராணுவ ஆஸ்பத்திரி நர்ஸாக அஸ்ஸாம், கல்கத்தா, கராச்சி என்று சுற்றிவிட்டு, சண்டை முடிந்து நான் திரும்பிய அன்று, கிழக்கு வெளுக்கும் முன்பே அவள் கடைக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடுவில் என்ன நடந்தது என்பதை அவளும் வண்டிக்கார மாசானமும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிப் போனது. மூங்கில் கம்பை ஊன்றி, இடது காலை முன்னே வைத்து, வலது காலை இழுத்துச் சேர்த்துக்கொண்டு நடப்பாள். அவளுடைய அப்பா காசிலிங்கம் சாத்தான்குளத்திலிருந்து வந்து, துறைமுகத்துக்குப் போகும் தெருவில் கருப்பட்டி, புளி, உப்பு, சுக்கு, எண்ணெய் விற்கும் கடை போட்டவர். அவர் இறந்ததும் கடை அவள் கைக்கு வந்தது. முதல் நாள், எல்லோரும் செய்வதுபோல வலது காலை எடுத்து வைத்து உள்ளே போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். முழங்காலைக் கையால் தூக்கி நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வைத்தாள். உடம்பின் பாரம் அந்தக் கால் மேல் இறங்கியதும் சாய்ந்துவிட்டாள். நல்லெண்ணெய்த் தகரம் உருண்டு, எண்ணெய் தெருவரைக்கும் ஓடியது.

யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டாள். வலது காலை முன்வைக்க முடியாதவள் கடைக்குள் முதலில் போனால் கடை விளங்காது. கல்யாண வீடு, புதுவீடு எல்லாவற்றுக்கும் அதே சட்டம்தான். அங்கெல்லாம் கடைசி ஆளாகப் புறவாசல் வழியாகப் போய், அடுப்படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு வருவாள்.

கடைக்கு முதல் கால் வைக்க அமைந்தவர் மாசானம். அவர் வண்டிக்கு ஒரு நாளும் அச்சு முறிந்ததில்லை, அதனால் ராசியான கால் என்று தெருவில் பேச்சு. சூரியன் ஏறியதும் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார், இறங்கி வலது காலை உள்ளே வைப்பார், ஒரு துண்டுக் கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டு போவார். அவர் வராத நாளில் அக்கா கம்போடு வாசலில் நின்று, தபால்காரரையோ பால்காரியையோ கூப்பிடுவாள். தெருக்காரர்கள் கேலி செய்வார்கள். “கால் இரவல் வேணுமாளா? என் காலு இன்னைக்குச் சும்மாதான் இருக்கு” என்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இதில் அடிபட்டது வியாபாரம். கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் தோணிகள், விடியும் முன் கரையிலிருந்து வீசும் காற்றைப் பிடித்துப் பாய் விரிக்க வேண்டும். தோணியை ஓட்டும் தண்டல்கள் அதற்கு முன்பே சாப்பாட்டுச் சாமான் வாங்க வருவார்கள். கடைப்பலகை திறந்திருக்கும், சாமான் கண்ணுக்குத் தெரியும், எடுத்துக் கொடுக்க ஆள் உள்ளே போக மாட்டாள். அவர்கள் முதல் கால் வைக்கக்கூடாதா என்று நான் கேட்டேன். அலைமேல் போகிறவன் கடையில் கால் வைத்தால் சரக்கும் தங்காமல் போய்விடுமாம். இந்தக் கணக்கும் அவளே போட்டதுதான். தண்டல்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

சாத்தான்குளத்தில் இருந்த தம்பி சங்கரபாண்டியன் பொறுத்துப் பார்த்தான். சித்திரைக்குள் கடை நிமிராவிட்டால் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டான். நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அவன் வீட்டில் ஒரு மூலையும் மூன்று வேளைச் சோறும்தான் கிடைக்கும், கடை கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

மாசி மாதம் ஒரு விடியக்காலம். அக்கா வாசல் தெளித்துவிட்டு, பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு மாசானத்துக்காக நின்றாள். உப்பளத்தில் வேலை பார்க்கும் ஆறுமுகத்தாய் ஓடி வந்தாள். அவள் மகளுக்குப் பிள்ளைப்பேறு வலி. மருத்துவச்சி விளக்கெண்ணெயும் சுக்கும் உடனே கேட்டாளாம்.

அக்காவுக்கு ஆறுதலாகிவிட்டது. முதல் கால் வைக்க ஆள் வந்தாயிற்று. “நீயே உள்ள போயி எடுத்துக்க. மேல் தட்டுல இருக்கு” என்றாள்.

ஆறுமுகத்தாய் பின்னால் நகர்ந்தாள். “நான் தாலியறுத்தவ தாயி. விடியக்காலம் என் காலு உன் கடைல விழ வேண்டாம். நீ எடுத்துத் தா.”

“என் காலப் பாத்தியா இல்லையா? நான் எப்படி முதல்ல போவேன்?”

“உன் காலுக்கு என்ன? நடக்கத்தான செய்யுது.”

“அப்ப உன் காலுக்கு மட்டும் என்ன கேடு?”

கேட்ட பிறகுதான் அக்காவுக்கு உறைத்ததாம். “அங்கன அவ மக துடிக்கா. இங்கன நாங்க ரெண்டு பேரும் யாரு காலு மோசம்னு போட்டி போட்டுக்கிட்டு நிக்கோம். எனக்கே அசிங்கமாப் போச்சுளா” என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

கம்பை நிலைப்படிக்கு உள்ளே ஊன்றினாள். இடது காலை வைத்தாள். வலது காலை இழுத்துச் சேர்த்தாள். மேல் தட்டு எட்டவில்லை. “வாளா உள்ள, எனக்கு எட்டல” என்று அதட்டினாள். ஆறுமுகத்தாயும் உள்ளே வந்து எட்டி எடுத்தாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அக்கா விளக்கை ஏற்றினாள்.

மாசானம் வந்தபோது கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

“யாரு தங்கச்சி முதல் கால் வச்சா?”

“நாந்தான் அண்ணாச்சி.”

“எந்தக் கால?”

“இருக்குற கால.”

அன்று முழுக்க ஏதாவது கவிழும், உடையும் என்று பயந்துகொண்டே இருந்தாளாம். ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது ஒன்றுதான்: ஆறுமுகத்தாய்க்குப் பேத்தி பிறந்தாள். மறுநாள் காற்றுக்கு முன்பே விளக்கு எரிவதைப் பார்த்து ஒரு தண்டல் எட்டிப் பார்த்தார். பிறகு நான்கைந்து பேர் வந்தார்கள். சித்திரையில் அக்காவைக் கூட்டிப் போக வந்த சங்கரபாண்டியன், வந்த வேகத்தில் புளி மூட்டை தூக்க வேண்டியதாயிற்று.

மாசானத்துக்கு மட்டும் மனத்தாங்கல். இத்தனை வருஷம் தன் காலுக்கு இருந்த மதிப்பு ஒரே நாளில் போய்விட்டதே என்று வண்டியை வேறு தெரு வழியாக ஓட்டினார். ஒரு வாரம் பார்த்தாள் அக்கா. பிறகு ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டியோடு அவர் வீட்டுக்கே போனாள். அவர் மனைவி பகவதி, புறவாசலில் படி இல்லை, அப்படி வா என்று பரிவோடு கூப்பிட்டாள். அக்கா முன்வாசல் வழியாகவே ஏறினாள்.

“உங்க காலு இல்லைன்னா இத்தனை நாளு எனக்குக் கடை ஏது அண்ணாச்சி? அத மறப்பேனா?” என்றாள். மாசானம் கொட்டானுக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதோடு சண்டை முடிந்தது.

நான் ஊர் வந்த மாதம் மாசானம் புது வண்டி வாங்கினார். சக்கரத்துக்குச் சந்தனம் வைத்து, காளைக்கு மாலை போட்டு, தெருவே கூடியிருந்தது. முதலில் யார் ஏறுவது என்று கேட்டதற்கு, பகவதியைக்கூடப் பார்க்காமல் அக்காவை நோக்கிக் கையை நீட்டினார். அவள் சங்கடப்பட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எந்தக் காலு முதல்ல வருதோ அத வையி” என்றார்.

அவள் ஏறியதும், ஓரமாக நின்ற ஆறுமுகத்தாயையும் பேத்தியோடு கையைப் பிடித்து மேலே இழுத்தாள். கடைக்கு உப்பு பார்த்து வாங்க ஆறுமுகநேரி உப்பளம் வரை போவதாக அப்போதே முடிவானது. இத்தனை வருஷமும் உப்புக்கு ஆளனுப்பித்தான் பழக்கம், அந்த உப்பளத்தை அக்கா பார்த்ததே இல்லை. எங்கே வண்டி கிளம்பினாலும் எனக்கு இருப்புக் கொள்ளாதே, நானும் வாரேன் என்றேன். ஆறுமுகத்தாய் பேத்தியை மடியில் ஏற்றிக்கொண்டு எனக்கு இடம் விட்டாள்.